ஒரு வரி பிந்திப் பாடுகிறவர்

"இதை விசுவாசிக்கிறீர்களா?" என்று போதகர் கேட்டு வெகுநேரம் ஆகியும் அப்பா பதில் சொல்லவில்லை.

கட்டில் பக்கத்து மருந்து மேசையை அம்மா காலையிலேயே துடைத்து, மாத்திரை அட்டைகளையெல்லாம் ஜன்னல் விளிம்புக்கு நாடு கடத்திவிட்டு, மேலே வெள்ளைத் துணி விரித்திருந்தாள். துணியின்மேல் போதகர் தன் பையிலிருந்து எடுத்துவைத்த சின்ன வெள்ளிக் கிண்ணமும் அப்பத் தட்டும் இருந்தன. திரைச்சீலை உப்பி எழுந்து அடங்கும்போதெல்லாம் அறைக்குள் வெளிச்சம் வந்து வந்து போனது. அந்த வெளிச்சத்தில் கட்டில், மேசை, போதகரின் அங்கி எல்லாமே தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பி நிற்பதாக மகளுக்குத் தோன்றியது. பல நாள் தூங்காத கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும்.

பாவ அறிக்கை செய்தவரிடம், இந்த மன்னிப்பு கடவுளுடைய மன்னிப்பே என்று நம்புகிறாயா எனக் கேட்டுவிட்டுத்தான் மன்னிப்பைச் சொல்வது அவர்களுடைய லுத்தரன் சபையின் முறை. கேட்டவர் வாய் மூடுமுன் எல்லோரும் 'ஆம்' என்றுவிடுவார்கள். இப்படி ஒருவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் என்ன செய்வதென்று போதகருக்கு யாரும் சொல்லித் தரவில்லை போலிருந்தது. இளவயதுக்காரர், சபைக்கு வந்து அதிக நாளாகவில்லை. அவர் மகளைப் பார்த்தார். மகள் அம்மாவைப் பார்த்தாள்.

"ஏங்க, ஐயா கேட்டது காதுல விழுந்துச்சா?" என்றாள் அம்மா குனிந்து.

"விழுந்துச்சு, விழுந்துச்சு. யோசிக்கிறேன்ல."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ஆமான்னு சொல்லிட்டுப் போங்களேன். ஐயா எவ்ளோ நேரம் முட்டி போட்டுட்டே நிப்பாரு?"

"ஆமான்னு வாயால சொல்றதுக்கு என்ன, கிளி கூடச் சொல்லும்." அப்பா மூச்சை இழுத்துக்கொண்டார். "ஐயா, இன்னொரு தடவ கேளுங்க."

போதகர் மறுபடியும் கேட்டார், இந்த முறை மெதுவாக. அப்பா கண்ணை மூடினார். திரைச்சீலை எழுந்து அடங்கியது. பிறகு கண்ணைத் திறந்து, "ஆம்" என்றார். போதகர் விட்ட பெருமூச்சு எல்லோருக்கும் கேட்டது. அவர் அப்பாவின் தலைமேல் கை வைத்து மன்னிப்பைச் சொன்னார். அப்பத்தை நனைத்து நாக்கில் வைத்தார். அப்பா அதை வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார்.

போதகரை வழியனுப்ப மகள் படியிறங்கினாள். ஊர்க் கட்டடங்களுக்கெல்லாம் லிஃப்ட் பழுதுபார்த்த அப்பா காலமெல்லாம் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத வீட்டின் மூன்றாவது மாடியில். அதைச் சொல்லிச் சிரிக்காத உறவினர் கிடையாது.

"கொஞ்சம் பயந்துட்டேன்மா," என்றார் போதகர் கீழ்ப்படியில் நின்று. "எங்க இல்லேன்னு சொல்லிடுவாரோன்னு."

"ஞாயித்துக்கிழமை பாட்டுலயே பாத்திருப்பீங்களே, ஐயா. அப்பா எப்பவும் ஒரு வரி பிந்திதான் வருவாரு."

போதகர் சிரித்துவிட்டார். சபையில் அதை அறியாதவர்கள் இல்லை. எல்லோரும் ஒரு வரியைப் பாடி முடிக்கும்போதுதான் அப்பா அந்த வரியைத் தொடங்குவார். சுருதியெல்லாம் சரியாகவே இருக்கும். நேரம்தான் அவருடைய சொந்த நேரம். சரணம் முடிந்து எல்லோரும் வாயை மூடிய பிறகு, கோயிலின் இடது பக்கம் மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒற்றைக் குரல் கடைசி வரியைக் கொண்டுவந்து சேர்க்கும். ஆர்கன் வாசிப்பவள் அவருடைய மகளே என்பதால், அதுவரை அவள் கட்டையிலிருந்து விரலை எடுக்காமல், சத்தம் அறாதபடி காலால் காற்றுத் துருத்தியை மிதித்துக்கொண்டிருப்பாள். சபையும் காத்திருக்கப் பழகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள்தான் அடுத்த சரணத்துக்குள் தனியாகப் பாய்ந்துவிட்டுத் திருதிருவென்று விழிப்பார்கள்.

காரணம் கேட்டால் அப்பா தன் தொழிலைச் சொல்வார்.

"லிஃப்ட் கதவு திறந்துச்சுன்னா உடனே காலை வைக்கக் கூடாது. பெட்டி நிக்குதான்னு முதல்ல பாக்கணும். பாக்காம காலை வெச்சவன் குழிக்குள்ள போவான். பாட்டும் அப்படித்தான். வரியைப் படிச்சுப் பாக்கணும், நிக்கிதான்னு. அப்புறம்தான் பாடணும். கேக்குறது யாரு? ஆண்டவர்கிட்ட பொய் சொல்ல முடியுமா?"

அப்பா சிறுவயதில், முதல் நற்கருணைக்கு முன் படித்த திடப்படுத்தல் வகுப்பில் ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் 'இதற்கு அர்த்தம் என்ன?' என்று கேட்பார்கள். மற்றப் பிள்ளைகள் பதிலை மனப்பாடம் செய்து, ஒப்பித்து, மறந்துவிட்டார்கள். அப்பா கேள்வியைப் பிடித்துக்கொண்டார். கம்பெனி சுற்றறிக்கை, ரேஷன் அறிவிப்பு, அம்மாவின் கோபம், எதுவானாலும் "இதுக்கு என்ன அர்த்தம்?" என்பார். "அர்த்தமா? சோறு ஆறுதுன்னு அர்த்தம்," என்பாள் அம்மா.

படித்துப் பார்த்து நிற்காத வரிகளை அவர் பாடவே மாட்டார். உலகமே எனக்கு வேண்டாம் என்று சபை உருகும்போது அப்பா வாயை இறுக மூடிக்கொண்டிருப்பார். "எனக்கு வேணுமே. காலையில டீ வேணும், உங்கம்மா வேணும், மழை பெஞ்சா நல்லாத்தான் இருக்கு. வேண்டாம்னு எப்படிப் பாடறது?"

இதெல்லாம் மகளுக்குத் தெரிந்தது ஒரு கண்ணாடியால். ஆர்கனில் உட்கார்ந்தால் முதுகு சபைப் பக்கம். பலிபீடத்தையும் ஆட்களையும் பார்க்க முடியாமல் அவள் சின்ன வயதில் திணறியபோது, பழைய லிஃப்ட் ஒன்றைக் கழற்றிய இடத்தில் வேண்டாமென்று போட்ட கண்ணாடியைக் கேட்டு வாங்கிவந்து, ஆர்கனுக்கு மேலே சாய்த்துப் பொருத்தித் தந்தவர் அப்பாதான். அதில் மூன்றாம் பெஞ்சு நன்றாகத் தெரியும். ஒரே பாட்டுப் புத்தகத்தை அப்பா அம்மா இரண்டு பேரும் பார்ப்பார்கள். அம்மாவுக்கு எல்லாம் மனப்பாடம். புத்தகத்தை அப்பாவின் பக்கமாகவே சாய்த்துப் பிடிப்பாள். அப்பாவுக்குப் பார்வை மங்கிய பிறகு வரிக்குக் கீழே விரலும் வைத்தாள். மற்ற நேரமெல்லாம் அவரை விரட்டிக்கொண்டே இருக்கிறவள், பாட்டில் மட்டும் அந்த விரலை அவர் வேகத்துக்கே நகர்த்தினாள்.

மகள் மேலே ஏறி வந்தபோது வெள்ளைத் துணி மடிக்கப்பட்டு, மாத்திரைகள் தாய்நாடு திரும்பியிருந்தன. அம்மா சமையலறையில் இருந்தாள். அப்பா விழித்திருந்தார்.

"உக்காரு. ஒரு விஷயம். என் அடக்கத்துக்கு நீதான் வாசிக்கணும்."

"இப்ப எதுக்குப்பா அந்தப் பேச்சு?"

"பின்ன எப்ப பேசறது, முடிஞ்ச பிறகா?" சிரிக்கப் பார்த்து இருமினார். அவள் முதுகைத் தடவிவிட்டாள். "வாசல் பாட்டைப் போடு."

அவர்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். சபையில் எந்த அடக்கமானாலும் பாடும் பாட்டு. கடைசிச் சரணம் இப்படி முடியும்:

*கடைசி வாசல் திறக்கையில்*
*கலங்கேன் நான்.*

அப்பா பாடாத வரிகளிலெல்லாம் பெரிய வரி அதுதான். எத்தனையோ பேருடைய அடக்கத்தில் அவள் அதை வாசித்திருக்கிறாள். 'வாசல் திறக்கையில்' வரை பிந்திப் பிந்தி வந்த குரல் அங்கே நின்றுவிடும். கண்ணாடியில் மூடிய வாய் தெரியும். அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் முடிவில் காத்திருக்கத் தேவையில்லை. அவள் உடனே ஆமெனுக்குப் போய்விடுவாள்.

"அதுல நீங்க பாடாத வரி இருக்கேப்பா."

"அதுக்கென்ன? நீங்க எல்லாரும் பாடுங்க. தூக்க முடியாதவனை நாலு பேர் சேந்து தூக்கறது இல்லையா? சபைன்னா எதுக்கு?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இன்னொண்ணு. இழுக்காதே. எனக்காக நிக்காதே. நான்தான் பெட்டிக்குள்ள படுத்திருப்பேனே, யாருக்காக நிக்கணும்? வேகமா வாசிச்சு எல்லாரையும் நேரத்தோட வீட்டுக்கு அனுப்பு. சத்தியம் பண்ணு."

"சரிப்பா."

"சரின்னா?"

"நிக்க மாட்டேன். சத்தியம்."

அப்பா திருப்தியாகக் கண்ணை மூடினார். அவள் ஒரு பல் மருத்துவமனையில் முன்மேசையில் உட்காருகிறவள். உள்ளே போகப் பயந்து கைப்பிடியைப் பிசைந்துகொண்டிருப்பவர்களிடம் "ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க" என்று நாள் முழுக்கச் சொல்வதுதான் வேலை. சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை அவளிடம் வெறும் சக்கையாகிவிட்டது. கோயிலில் வாசிப்பாளே தவிர, பாடுவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். பாட்டிலுள்ளது உண்மைதானா என்று கேட்டால் அவளுக்குப் பதில் தெரியாது. ஆனால் அப்பாவுக்குத் தெரியும். அவர் பாடினால் அந்த வரி நிற்கிற வரி. அவர் காலை வைத்த இடத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டு காலை வைப்பாள். இந்த ஒரு வரியை மட்டும் அவர் பாடாமலே போய்விட்டால் தான் எதன்மேல் நிற்பது என்பதுதான் அவளுடைய பயம். அப்பாவிடம் கேட்கவும் பயம்.

மதியம் சாய்ந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். அது வெகுதூரம் கேட்டது. சமையலறையில் குழாய் சொட்டியது. அப்பா தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தார்.

"எந்த மாடி இது?" என்றார் ஒருமுறை.

"நம்ம வீடுப்பா. மூணாவது மாடி."

"சத்தமே இல்லாம வந்து நிக்குது, பாத்தியா. நல்ல மெஷின்." பிறகு, "விளக்கு எரியுதா?"

"எரியுது."

"அப்ப சரி."

அவருடைய கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். கிரீஸ் வாடை போகவே போகாத கை. அம்மா எத்தனை சோப்பு மாற்றியும் தோற்றுப்போனாள். இப்போது அதில் மருந்து வாடைதான் இருந்தது. அந்த நேரத்தில் வெட்கமில்லாமல், அப்பா போகக் கூடாது என்று அவள் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வருஷக்கணக்காகப் பாடாத குரலில், வாசல் பாட்டின் கடைசிச் சரணத்தை மெல்லத் தொடங்கினாள்.

அப்பாவின் உதடு அசைந்தது. அவள் ஒரு வரி பாடிவிட்டு நின்றாள். சத்தம் வராத உதடு அந்த வரியை முடிக்கும்வரை காத்திருந்தாள். அடுத்த வரி. மறுபடியும் காத்திருந்தாள். 'கடைசி வாசல் திறக்கையில்' என்று பாடி நிறுத்தினாள். அப்பாவின் உதடு அதையும் சொல்லி முடித்தது.

"கலங்கேன் நான்," என்று அவள் பாடினாள். குரல் உடைந்தது.

அப்பாவின் உதடு மூடியது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது அவளுடைய கைக்குள் இருந்த விரல்கள் லேசாக அழுத்தின. நிமிர்ந்தாள். அப்பா எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடியில் அவள் பார்த்த அதே பார்வை. புருவத்தைச் சுருக்கி, எழுத்தைத் தேடுகிற பார்வை.

"இரு," என்றார். "படிச்சிட்டு இருக்கேன்."

அவள் காத்திருந்தாள். திரைச்சீலை உப்பி எழுந்தது. வெளிச்சம் கட்டில்மேல் ஏறி, போர்வைமேல் நடந்து, சுவர்வரை போய்த் திரும்பியது. அம்மா வெந்நீர்த் தம்ளரோடு உள்ளே வந்து, இருவரையும் பார்த்து, தம்ளரை மாத்திரைகளுக்குப் பக்கத்தில் சத்தம் வராமல் வைத்தாள்.

அப்பாவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "மூச்சு நின்னு நேரமாச்சா?" என்று கேட்டாள். மகள் அப்பாவின் கையை விடவில்லை. "இப்பதான், அம்மா. படிச்சிட்டு இருக்கேன்னு சொன்னாரு."

அம்மா கட்டிலில் உட்கார்ந்து அப்பாவின் கண்ணை மூடினாள். "என்னைக்குத்தான் நேரத்துக்கு வந்தீங்க," என்றாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. மகள்மேல் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

மறுநாள் காலையில் மாமா, அம்மாவின் தம்பி, வந்து பொறுப்பையெல்லாம் தலையில் போட்டுக்கொண்டார். "பெத்த மகளே வாசிக்கணுமா? மனசு தாங்குமா? வேற ஆளைக் கேக்கலாமே," என்றார்.

"சத்தியம் பண்ணிருக்கேன் மாமா."

அப்பாவோடு வேலைபார்த்தவர்கள் பெட்டியைத் தூக்க வந்திருந்தார்கள். குறுகலான படி. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, கீழே எட்டிப்பார்த்து, "கால் வைக்கலாமா?" "வை, வை" என்று கேட்டுக் கேட்டு இறங்கினார்கள். "ஆயிரம் கதவைத் திறந்துவிட்ட மனுஷன், கடைசியில நம்ம தோள்ல இறங்கறாரு," என்று முன்னால் பிடித்தவர் சொன்னார். மேலே நின்ற அம்மா, "மெதுவாவே போங்க, அவருக்கு அதுதான் பிடிக்கும்" என்றாள். அழுதுகொண்டிருந்தவர்களில் சிலர் சிரித்துவிட்டார்கள்.

கோயிலில் வெயில் நீளநீளமாக விழுந்து கிடந்தது. பெட்டி பலிபீடத்துக்கு முன்னால் இருந்தது. மகள் ஆர்கனில் உட்கார்ந்து காற்றை மிதித்தாள். கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். போதகர் சுருக்கமாகப் பேசினார். மறைந்தவர் 'ஆம்' என்று சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தைப் பற்றித்தான் பேசினார். தான் இதுவரை கேட்ட 'ஆம்'களில் அதுபோல் கனமான ஒன்றைக் கேட்டதில்லை என்றார். பிறகு பாட்டு.

முதல் சரணம் முடிந்ததும், கொடுத்த வாக்குப்படி, அவள் நிற்காமல் இரண்டாவதுக்குள் போனாள். யாரும் வரவில்லை. ஆர்கன் தன்னந்தனியாக ஒரு வரியைக் கடந்தது. சபை முழுவதும் மூன்றாம் பெஞ்சிலிருந்து வரவேண்டிய குரலுக்காக, பழக்க தோஷத்தில், புத்தகத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தது. பிறகுதான் விஷயம் உறைத்து, அங்கொருவர் இங்கொருவராக அள்ளிப்பிடித்துத் தொடங்கினார்கள். அதற்குள் பிந்திவிட்டார்கள். இரண்டாம் சரணம் முழுவதும் சபை ஆர்கனுக்கு ஒரு வரி பின்னாலேயே வந்தது. மூன்றாவதிலும் அப்படியே. மாமா, போதகர், பெட்டி தூக்கியவர்கள், குழந்தைகள், எல்லோரும் ஒரு வரி பிந்திப் பாடினார்கள். யாருக்கும் அதைச் சரிசெய்யத் தோன்றவில்லை. மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது.

கடைசிச் சரணத்தில் அவளே வேகத்தைக் குறைத்தாள். சபை வந்து சேர்ந்துகொண்டது. கடைசி வாசல் திறந்தது. கலங்கேன் நான் என்று எல்லோரும் பாடி முடித்து, ஆமெனுக்காக மூச்செடுத்தார்கள்.

அவள் ஆமெனுக்குப் போகவில்லை. கட்டையிலிருந்து விரல்களையும் எடுக்கவில்லை. கடைசிச் சுரம் கோயிலுக்குள் நின்றது. எடுத்த மூச்சை எல்லோரும் வைத்துக்கொண்டு நின்றார்கள், ஒருவரும் இருமவில்லை.

அவள் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். மூன்றாம் பெஞ்சில் அம்மா நின்றிருந்தாள். பாட்டுப் புத்தகம் ஆளில்லாத பக்கமாகச் சாய்ந்திருந்தது. அம்மாவின் விரல் கடைசி வரிக்குக் கீழே இருந்தது. மகள் காற்றை மிதித்துக்கொண்டே இருந்தாள்.